பாண், சீஸ், அச்சாறு: உழவன் பெயரில் ஒரு தட்டு

(மாதாந்தத் தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு "இங்கிலாந்து உழவனின் பகல் சாப்பாடு" என்று தலைப்புப் போட்டிருந்தோம். அறிவித்தலைப் பார்த்துவிட்டு, "சம்பளத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் சாப்பாடு எதற்கு?" என்று சில பேர் கேட்டது நம் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது துரை. பங்களா, குதிரை, தொப்பி. ஆனால் அந்தத் துரை பிறந்த நாட்டிலும் சேற்றில் நின்று வேலை செய்து, அரை வயிற்றோடு வீடு திரும்பிய கூலியாட்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். நம் முன்னோர் இங்கே காடு வெட்டிக் கோப்பி நட்ட காலத்தில், அங்கே அவர்கள் வரப்போரத்தில் உட்கார்ந்து காய்ந்த பாணைக் கத்தியால் அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன தின்றார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால் அது நேராகச் சம்பளத்தில்தான் போய் முடியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு தவறணைக்குப் போய் "பிளவ்மன்ஸ் லஞ்ச்" என்று கேட்டால் ஒரு பெரிய தட்டு வரும். உழவனின் மதிய உணவு என்று அர்த்தம். மொறுமொறுப்பான பாண், ஒரு கட்டி சீஸ், வினாகிரியில் ஊறிய வெங்காயம், கறுப்பு நிறத்தில் இனிப்பும் புளிப்புமான ஓர் அச்சாறு, சில இடங்களில் அப்பிள் துண்டும் பன்றி இறைச்சியும்கூட. பக்கத்தில் ஒரு கிளாஸ் பியர். சீஸ் என்றால் நம் பட்டணத்துக் கடையில் வெள்ளித்தாளில் சுற்றி விற்கிற மெதுவான துண்டு அல்ல. பாலைத் திரையவைத்து, தண்ணீரை வடித்து, உப்புப் போட்டு அழுத்தி, மாதக்கணக்கில் வைத்து முற்றவைத்த கட்டி. அச்சாறு நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. அங்கே மிகவும் பேர்போன 'பிரான்ஸ்டன்' அச்சாறு 1922இல் அதே பெயருள்ள ஊரில் ஒரு கொம்பனி போடத் தொடங்கியது. அந்த வகை இனிப்பு அச்சாறுகளுக்கு அவர்கள் சொல்கிற 'சட்னி' என்ற பெயர் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன பெயர். அது இருக்கட்டும்.

பெயரைக் கேட்டால் நூறு தலைமுறையாக உழவர்கள் இதைத்தான் சாப்பிட்டு வந்தார்கள் என்று தோன்றும். பாணும் சீஸும் வெங்காயமும் பழைய சாப்பாடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டுக்கு உழவன் பெயர் ஒட்டியது நேற்று முந்தாநாள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் சீஸ் பங்கீட்டுக்கு வந்தது. கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அந்தப் பங்கீடு 1954 வரை நீடித்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சனங்களுக்குச் சீஸ் தின்கிற பழக்கம் குறைந்துவிட்டது. விற்பனையைத் திரும்பக் கூட்டுவதற்காக வியாபாரிகள் 'சீஸ் பியூரோ' என்று ஒன்றை வைத்துத் தவறணைகளில் பாண், சீஸ், அச்சாறு, பியர் என்று சேர்த்து விற்கச் சொன்னார்கள். 1957 அளவில் 'உழவன் சாப்பாடு' என்ற பெயர் அந்த விளம்பரத்தில் வந்துவிட்டது. 1960களில் பால் சந்தைப்படுத்தும் சபை அதை நாடெங்கும் கொண்டுபோனது. பிறகு 1983இல் இதே பெயரில் ஒரு திரைப்படம்கூட அங்கே வந்தது. விற்பதற்காகப் பழங்காலத்தைப் புதிதாகச் செய்து கொடுக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பெயரை வைத்ததன் உட்கருத்து.

இந்த வித்தை நமக்குப் புதிதா? தேயிலைப் பெட்டியைப் பாருங்கள். பச்சை மலை, வெயில், நெற்றியில் பொட்டு, கூடை நிறையக் கொழுந்து, பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். அட்டைக் கடி தெரியாது, படங்கு தெரியாது, நிறுவையில் கழிக்கிற கிலோ தெரியாது. சீஸ் விற்ற ஆளும் தேயிலை விற்ற ஆளும் ஒருவராகவே இருந்த கதையும் உண்டு. தோமஸ் லிப்டன் நம் மலைக்கு 1890இல் வந்து தோட்டங்கள் வாங்குவதற்கு முன்னால் கிளாஸ்கோவில் மளிகைக் கடைக்காரர். 1881 நத்தார் காலத்தில் அமெரிக்காவிலிருந்து இராட்சத சீஸ் ஒன்றைக் கப்பலில் வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைச் செருகி வைத்துத் துண்டு துண்டாக விற்றார். கடை வாசலில் கூட்டம் அள்ளியது. காசு கிடைத்தவன் பேசப்பட்டான், சீஸ் செய்தவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை. அதே கெட்டிக்காரத்தனம்தான் பிறகு தம்பத்தன்னைத் தேயிலைக்கும் போனது.

சரி, உழவன் உண்மையில் என்ன சாப்பிட்டான்? அதைத் தெரிந்துகொள்ள நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறவர் டேவிட் டேவிஸ் என்ற பாதிரியார். பார்க்ஷயர் மாவட்டத்தில் பார்க்கம் என்ற சின்னக் கிராமம். 1787இல் தன் சபையில் இருந்த ஆறு கூலிக் குடும்பங்களின் வரவு செலவை அவர் எழுதத் தொடங்கினார். கிழமைக்கு எவ்வளவு மா, எவ்வளவு உப்பு, சவுக்காரம், மெழுகுதிரி, நூல் என்று ஒன்று விடாமல் எழுதினார். பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் கணக்குகளைச் சேர்த்து 1795இல் புத்தகமாகப் போட்டார். ஒரு வீட்டில் புருஷன், பெண்சாதி, ஐந்து பிள்ளைகள். கிழமைச் செலவு ஏறக்குறைய 9 சிலிங். அதில் 6 சிலிங்குக்கு மேல் பாணுக்கான மாவுக்கே போய்விட்டது. இறைச்சி என்று பார்த்தால் கிழமைக்கு ஒரு இறாத்தல் பன்றி, அதையும் கீரையோடு இரண்டு மூன்று தடவை வேகவைத்துச் சாறு எடுப்பது. தேயிலை ஒரு அவுன்ஸ். வரவு செலவுக்கு எட்டவில்லை, துண்டு விழுந்தது.

அன்றைக்குப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே பல்லவி பாடினார்கள்: ஏழைகள் தேநீர் குடித்துக் கெட்டுப் போகிறார்கள், ஊதாரித்தனம் பண்ணுகிறார்கள் என்று. டேவிஸ் பாதிரியார் மட்டும் திருப்பிக் கேட்டார். முன்னே பொதுப் புல்வெளியில் ஒரு பசு கட்டிப் பால் கறந்தவர்கள்தானே இவர்கள்? பொது நிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்டீர்கள், பசு போயிற்று. மோல்ட் விலை ஏறி வீட்டில் பியர் வடிக்கவும் முடியவில்லை. மிச்சம் இருப்பது ஊற்றுத் தண்ணீர். அதில் மிக மலிவான தேயிலையைக் கொஞ்சம் போட்டு நிறம் காட்டிக் குடிக்கிறார்கள், இதுவா ஊதாரித்தனம் என்பது அவருடைய வாதம். இருபத்தைந்து வருடம் கழித்து, கூலியாட்களுக்காகவே எழுதிய வில்லியம் கொபெட் என்ற பத்திரிகைக்காரர்கூடத் தேநீரைத் திட்டித் தீர்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த விஷயத்தில் பாதிரியார் பக்கம்தான் நாம்.

அந்தத் தேயிலை அப்போது சீனாவிலிருந்து போனது. நம் மலையில் தேயிலை வியாபாரத்துக்கு நடப்பட்டது 1867க்குப் பிறகு. அதற்குப் பிறகு இங்கிலாந்துக் கூலி வீட்டுக் கேத்தலில் கொதித்ததில் நம் பூட்டிமார் கிள்ளிய கொழுந்தும் சேர்ந்தது. இங்கே அரை வயிற்றோடு ஒருத்தி கிள்ளியதை அங்கே அரை வயிற்றோடு இன்னொருத்தி காய்ச்சிக் குடித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

சீஸும் அப்படித்தான். பால் ஏடு வெண்ணெயாகிச் சந்தைக்குப் போகும். ஏடெடுத்த பாலில் செய்த சீஸ் ஊரில் தங்கும். டோர்செட்டில் 'புளூ வின்னி' என்று ஒன்று, சபொக் மாவட்டத்தில் இன்னொன்று. சபொக் சீஸ் கல்லுக்குச் சமம் என்று கேலி பண்ணுவார்கள். கப்பற்படைச் சிப்பாய்களே அதை வேண்டாம் என்று சொல்லி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பற்படை வேறு சீஸுக்கு மாறியது. நல்ல தரம் ஏலத்துக்குப் போய், தூள் நம் வீட்டுக்கு வருகிற கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வயலில் சாப்பிடுகிற முறையைச் சொல்ல வேண்டும். ஒற்றைக் கலப்பையில் இரண்டு குதிரை பூட்டி ஒரு நாளில் ஒரு ஏக்கர் உழுவது ஓர் ஆளின் கணக்கு. அதற்குக் குதிரையின் பின்னால் ஏறக்குறைய 11 மைல் நடக்க வேண்டும். இடையில் வேலியோரம் ஒதுங்கி, பாணை இடது கையில் பிடித்து, மேலே சீஸையோ கொழுப்பையோ பெருவிரலால் அழுத்திக்கொண்டு, சட்டைப் பைக் கத்தியால் வாய்க்கு ஒரு துண்டாக அறுத்துத் தின்பான். தட்டுக் கிடையாது. சூடான சாப்பாடும் கிடையாது. வீட்டிலேயே விறகுக்குப் பஞ்சம், வயலில் எங்கே அடுப்பு? அந்தச் சாப்பாட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வடக்கே 'பெய்ட்', தெற்கே 'நம்மெட்'. கிழக்குச் சதுப்பு நிலப் பக்கத்தில் 'டொக்கி'. சாப்பிடுகிற நேரத்துக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தவறணைக்காரர்கள் தட்டுக்குப் பெயர் தேடியபோது இந்தப் பெயரை எடுக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பாணும் சீஸும்கூட வீட்டில் எல்லோருக்கும் இல்லை. 1863இல் எட்வர்ட் ஸ்மித் என்ற டாக்டர் அரசாங்கத்துக்காக உழைக்கிற குடும்பங்களின் சாப்பாட்டை ஆராய்ந்தார். பண்ணைக் கூலி வீடுகளில் இறைச்சியும் நல்ல பங்கும் புருஷனுக்கு. அவன் விழுந்தால் சம்பளம் விழும். பெண்சாதியும் பிள்ளைகளும் பாண், உருளைக்கிழங்கு, சாயத்தண்ணி. சில வீடுகளில் பாண் துண்டின் மேல் வெந்நீரை ஊற்றி உப்புப் போட்டு 'கேத்தல் சூப்' என்று குடித்தார்கள். இங்கே கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிற அக்காமார் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம். ஆனால் அங்கே வேலைக்குப் போனவனுக்காவது நல்ல பங்கு கிடைத்தது. நம் லயத்தில் விடியக்காலை எழும்பி ரொட்டி சுட்டு, மலைக்கு ஏறி, கொழுந்து நிறுத்து, இராத்திரி கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் யார்? வேலைக்குப் போகிறவளும் கடைசிப் பங்கு சாப்பிடுகிறவளும் ஒருத்தியே. இதைச் சங்கம் துரையோடு மட்டும் பேசிப் பிரயோசனமில்லை, ஆண் தோழர்களே.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். 1795இல் பஞ்சம் வந்தபோது அதே பார்க்ஷயர் மாவட்டத்து நீதவான்கள் ஸ்பீனம்லண்ட் என்ற இடத்தில் கூடிப் பாண் விலையை வைத்து ஓர் அட்டவணை போட்டார்கள். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரு பெரிய பாண் ஒரு சிலிங் விற்றால், ஆணுக்குக் கிழமைக்கு 3 சிலிங், பெண்சாதிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை சிலிங். சம்பளம் அதற்குக் குறைந்தால் மிச்சத்தை ஊர் வரியிலிருந்து கொடுப்பார்கள். கேட்க நல்லதாக இருக்கிறது. பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஊர் நிரப்பிக் கொடுக்கும்தானே என்று சம்பளத்தைக் குறைத்தே வைத்தார்கள். கூலியாள் உழைப்பவன் என்ற நிலை போய்ப் பிச்சை வாங்குகிறவன் என்ற பெயர் வந்தது. மேற்குப் பக்கத்துப் பண்ணைகளில் சம்பளத்தில் ஒரு பகுதியை அப்பிள் மதுவாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு நிறுத்த 1887 வரை ஆயிற்று. அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொருளாகவும் நிவாரணமாகவும் வருவது நல்லதுதான், ஆனால் அது சம்பளத்துக்குப் பதிலாக வருகிறதா, சம்பளத்துக்கு மேலே வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டே ஆகவேண்டும்.

டோர்செட்டில் டொல்படில் என்ற கிராமத்தில் கிழமைச் சம்பளம் 9 சிலிங்கிலிருந்து 8 ஆகி 7 ஆகி, இனி 6 என்று பேச்சு வந்தது. ஜோர்ஜ் லவ்லெஸ் என்ற கூலியாளும் அவருடைய ஆட்களும் சங்கம் கட்டினார்கள். சங்கம் வைப்பது அப்போது சட்டப்படி குற்றமில்லை. அதனால் சங்கத்தில் சேரும்போது இரகசியச் சத்தியம் வாங்கினார்கள் என்று, கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட ஒரு சட்டத்தைத் தோண்டி எடுத்து, 1834இல் ஆறு பேரை அவுஸ்திரேலியாவுக்கு 7 வருடம் நாடு கடத்தினார்கள். லண்டனில் பெரும் ஊர்வலம், இரண்டு இலட்சத்துக்கு மேல் கையெழுத்து. 1836இல் அரசாங்கம் மன்னிப்பு வழங்க வேண்டி வந்தது. இப்போதும் ஒவ்வொரு ஜூலையிலும் அந்தக் கிராமத்தில் தொழிற்சங்கங்கள் கூடுகின்றன.

அடுத்தவர் ஜோசப் ஆர்ச். இவரைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். 1826இல் வோரிக்ஷயரில் பார்பர்ட் கிராமத்தில் பிறந்தவர். தானிய விலையை ஏற்றி வைத்த சட்டத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட அவருடைய தகப்பனார் மறுத்துவிட்டார். அதற்காக 18 கிழமை அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் கோதுமைப் பாண் இல்லை, பார்லிப் பாண், அதுவும் போதாது. தாய் உடுப்புத் துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகன் ஒன்பது வயதில் படிப்பை விட்டு வயலில் காகம் விரட்டப் போனான். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம், கூலி 4 பென்ஸ்.

அந்தப் பையன்தான் 1872 பெப்ரவரி 7ஆம் திகதி இரவு வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் ஒரு பெரிய மரத்தடியில், பன்றி வெட்டுகிற பலகைமேல் ஏறி நின்று பேசினார். முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்துப் போயிருந்தார். ஆயிரத்துக்கு மேல் வந்து நின்றார்கள். மழை, இருட்டு. அவரைக் கொடிக் கம்புகளில் லாந்தரைக் கட்டித் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் கேட்டது கிழமைக்கு 16 சிலிங். சில மாதத்துக்குள் நாடு தழுவிய சங்கம் உருவானது. 1874இல் கிழக்கு மாவட்டங்களில் பண்ணைக்காரர்கள் சங்கத்து ஆட்களை வேலையிலிருந்து வெளியே தள்ளினார்கள். சங்கம் மாதக்கணக்கில் அவர்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்தது, பெட்டி காலியாகித் தோற்றது. ஆனால் 1884இல் பண்ணைக் கூலியாட்களுக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே ஆர்ச் பாராளுமன்றம் போனார். வாக்கில்லாத தொழிலாளியின் நிலை என்னவென்று 1948ஐப் பார்த்த குடும்பங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் இன்றைய பேச்சுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இனித்தான். முதலாம் உலகப் போரில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அரசாங்கத்துக்கு உழவன் நினைவு வந்தது. 1917இல் பண்ணைத் தொழிலாளருக்குச் சம்பளச் சபை அமைத்தார்கள். கிழமைச் சம்பளம் 46 சிலிங் வரை ஏறியது. போர் முடிந்தது, 1921இல் சபையைக் கலைத்தார்கள். இரண்டே வருடத்தில் நோர்போக் மாவட்டத்தில் சம்பளம் 25 சிலிங்குக்கு இறங்கிவிட்டது. அதையும் குறைக்கப் பார்த்தபோது 1923இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த வருடம் சம்பளக் கமிட்டிகள் திரும்ப வந்தன. இரண்டாவது போரிலும் இதே கதைதான். சாதாரண ஆளுக்குச் சீஸ் பங்கீடு கிழமைக்கு 2 அவுன்ஸ் என்று இருந்த நாட்களில் பண்ணைத் தொழிலாளிக்குப் பல மடங்கு கொடுத்தார்கள். தொழிற்சாலைக்காரனுக்குக் கன்டீன் உண்டு, வயலில் வேலை செய்கிறவனுக்கு இல்லை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது. அந்தச் சீஸ் தவறணையின் அன்பளிப்பல்ல, உரிமைப் பங்கு. பங்கீடு முடிந்து மூன்றே வருடத்தில் அவன் பெயரை எடுத்துத் தட்டில் வைத்தார்கள்.

இங்கிலாந்தின் பண்ணைச் சம்பளச் சபையை 2013இல் மூடிவிட்டார்கள். பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கும்போது இது எதற்கு என்றார்கள். ஆனால் அந்தச் சபை வெறும் அடிச்சம்பளத்தை மட்டும் பேசவில்லை. தேர்ச்சிக்கு ஏற்ற படி, மேலதிக நேரம், சுகயீனச் சம்பளம், தோட்டத்து வீடு எல்லாம் அதில்தான் இருந்தது. வேல்ஸ்காரர்கள் விடவில்லை. தங்கள் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றினார்கள், லண்டன் அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2014 ஜூலையில் வேல்ஸ் வென்றது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சபை தொடர்ந்து இருக்கிறது. ஆக, ஒரே நாட்டில், வேலிக்கு இந்தப் பக்கம் உழுகிறவனுக்குச் சபை உண்டு, அந்தப் பக்கம் இல்லை. நம் நாட்டுச் சம்பளச் சபைச் சட்டம் 1941இல் வந்தது. அதைப் பழைய சங்கதி, தேவையில்லை என்று யாராவது சொல்லி வரும்போது நோர்போக்கின் அந்த இரண்டு வருடத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பார்க்கம் பாதிரியார் செய்ததை நாமும் செய்யப்போகிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆறு குடும்பம். பெயர் எழுத வேண்டாம், ஆட்களின் எண்ணிக்கையும் வயதும் போதும். ஒரு மாதத்துக்கு அரிசி, மா, தேங்காய், கருவாடு, பருப்பு, பால்மா, சவுக்காரம், பஸ் காசு, பாடசாலைக் கொப்பி என்று வாங்கியதை வாங்கிய விலையோடு எழுதுங்கள். கடையில் கடன் என்றால் கடன் என்றே எழுதுங்கள். மலைக்குக் கொண்டுபோன பகல் சாப்பாடு என்ன, யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குத் தனிப் பக்கம் விடுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உதவட்டும், அதற்கான கொப்பிகளைக் கமிட்டித் தலைவிமாரிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது கொப்பியோடு அந்த மாதச் சம்பளத்துண்டையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம்.